தாலிக்குக் கீழே

என்னை எல்லோரும் வாழ்த்துகிறார்கள். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. மதுரையில் உள்ள இந்தத் தனியார் மருத்துவமனையின் இரண்டாம் மாடிக் கூடத்தில், தரையோடு திருகி வைத்த இரும்பு நாற்காலி ஒன்றில், படியேறி வந்த மூச்சு இன்னும் அடங்காமல் நான் உட்கார்ந்திருக்கிறேன். எதிரே, சிவப்பு விளக்கு எரிகிற கதவுக்கு அப்பால், என் கணவர் சங்கரலிங்கத்தின் மணிக்கட்டு வழியாக மெல்லிய குழாய் ஒன்றை நுழைத்து, அவருடைய இதயத்தின் முன்புறம் இறங்குகிற நாளத்தில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். பக்கத்தில் அவருடைய அக்காள் சண்முகத்தாய் மதினி உட்கார்ந்து, வருகிறவர் போகிறவர் ஒருவரையும் விடாமல் நிறுத்தி வைத்து, "எந்தம்பிய டாக்டரா காப்பாத்துனாரு? இந்தா இருக்காள்ல குருவம்மா, இவ தாலி காப்பாத்துச்சு" என்று என்னைக் கைகாட்டுகிறார். கைகாட்டும்போது அவர்கள் என் முகத்தைப் பார்ப்பதில்லை, கழுத்தைப் பார்க்கிறார்கள். பார்த்துவிட்டு, கோயிலில் திரை விலகியது போலக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். சற்று முன் ஒரு மருத்துவமனை ஊழியர், ஆண்பிள்ளை, என்னைக் கடந்து போனவர் திரும்பி வந்து, "கொடுத்துவச்ச மனுசன்மா உங்க வீட்டுக்காரரு" என்று சொல்லிவிட்டுப் போனார். கொடுத்து வைத்தவர் அவர். நான் யார்? கொடுத்து வைத்தவருடைய கழுத்துமணி தொங்குகிற ஆணி. ஆணிக்கு வலிக்கும் என்று எவனாவது எங்கேயாவது நினைத்ததுண்டா? இப்படியெல்லாம் நினைக்கக்கூடாது, உள்ளே மனிதர் மல்லாந்து கிடக்கிறார் என்று ஒரு பக்கம் மனம் தலையில் குட்டுகிறது. குட்டினாலும் கோபம் குனிய மறுக்கிறது. நான் ஐந்தாவதோடு நின்றவள். சாத்தூரில் எங்கள் சேவுக்கடைக்குப் பொட்டலம் மடிக்க வந்த பழைய காகிதங்களை, மடிப்பதற்கு முன்னால் ஒரு தாள் விடாமல் படித்துப் படித்தே நானாக மொழியைக் கற்றுக்கொண்டவள். வாழ்த்துக்கும் வசைக்கும் உள்ள வேறுபாடு எனக்குத் தெரியும். இந்தக் கூடத்தில் என் மேல் வந்து விழுவது வாழ்த்து என்று எனக்குத் தோன்றவில்லை.

படியேற வேண்டாம் என்றுதான் நினைத்தேன். மின்தூக்கிக்கு முன்னால் நின்ற காவலாளி, "நோயாளிக்கு மட்டும்தாம்மா லிஃப்ட்டு, கூட வந்தவுக படியில போங்க" என்றான். நான் கூட வந்தவள். ஆகையால் படியில் வந்தேன். முதல் மாடியின் திருப்பத்தில் அது வந்தது. புதிய விருந்தாளி அல்ல. சித்திரை மாதத்திலிருந்து பழக்கம். ஈரத்துணி வாளியோடு மொட்டைமாடிக்கு ஏறும்போது, சேவு நிறைந்த தகர டின்னைத் தூக்கி அலமாரியில் வைக்கும்போது, மார்பின் நடுவில், தாலி கிடக்கிற இடத்துக்கு நேர் கீழே, யாரோ உள்ளங்கையை விரித்து அழுத்துவது போல. குத்தல் இல்லை, எரிச்சலும் இல்லை, பாரம். பிறகு அது மெல்லக் கிளம்பித் தாடைக்குப் போகும். பல்வலியோ என்று நான் கிராம்பை அடக்கிக்கொண்ட நாள்கள் உண்டு. பிறகு முதுகில், இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே, கை எட்டாத இடத்தில் போய் நிற்கும். வியர்க்கும். சேவு போடுகிற அடுப்புக்குப் பக்கத்தில் நின்றே காலம் கழித்தவளுக்கு வியர்வை ஒரு செய்தியா? நின்றால் போய்விடும். நின்றேன், போனது, ஏறினேன், வந்தது. கணவரிடம் சொன்னேன். கொதிக்கிற கொப்பரையிலிருந்து எடுத்த முதல் சேவை வாயில் போட்டு மென்றுகொண்டே, "வாயுடீ. ராத்திரி மொச்சை தின்னேல்ல" என்றார். மொச்சையைத் தின்றவர் அவர். நான் தின்றது ரசஞ்சோறு. அதைச் சொல்வதற்குள் அடுத்த ஈடு எடுக்கக் கரண்டி கேட்டார், எடுத்துக் கொடுத்தேன். கடைத்தெரு மருத்துவர், நாடியைக்கூடத் தொடாமல், "இந்த வயசுல பொம்பளைகளுக்கு எல்லாமே கேஸ்தாம்மா" என்று இளஞ்சிவப்பு மருந்து ஒரு புட்டி எழுதினார். ஓமத்தண்ணீர், பூண்டுப்பால், இஞ்சிச்சாறு, பன்னீர் சோடா. ஏப்பம் வந்தது. நாலு பேர் கேட்க வந்த அந்த ஏப்பத்தைக் கேட்டு வீடே மகிழ்ந்தது. பாரம் மட்டும் ஏப்பத்தோடு போகவில்லை. அது எனக்குத் தெரியும். ஆனால் ஏப்பம்தானே வெளியே கேட்கிறது, பாரம் கேட்பதில்லையே.

அப்புறம் அந்தச் சொல். அதை நான்தான் சொன்னேன், வேறு யாரும் என் வாயில் வைக்கவில்லை. ஆனால் வேறு எந்தச் சொல்லை நான் சொல்லியிருக்க முடியும்? இருக்கன்குடிக் கோயிலில், ஆற்றுமணலில் நடந்து வந்து மூச்சுத் திணறி நான் உட்கார்ந்தபோது, மதினி, "என்னத்தா செய்யுது?" என்று கேட்டார். சுற்றிலும் ஆண்கள், பொங்கல் வைக்கிறவர்கள், மொட்டை போட்டுக்கொள்கிறவர்கள், என் சம்பந்தி வேறு. மார்பு என்று எப்படிச் சொல்வது? பிள்ளைக்குப் பால் கொடுத்த நாளிலும் அந்தச் சொல்லை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. நெஞ்சு என்று சொல்லலாம். நெஞ்சு என்றால் நெஞ்சுக்கரிப்பு, மறுபடியும் ஓமத்தண்ணீர். ஆகவே அந்த இடத்தில் கிடந்த பொருளின் பெயரைச் சொன்னேன். "தாலி கனக்குற மாதிரி இருக்கு மதினி." அவ்வளவுதான். மதினியின் முகம் சுண்ணாம்பாக வெளுத்துப்போனது. அவருடைய மாமியாருக்கு ஒருநாள் இப்படித்தான் தாலி கனத்ததாம், மூன்றாம் நாள் அவருடைய மாமனார் கிணற்றடியில் விழுந்தாராம். "தாலி கனத்தா புருசனுக்கு ஆகாதுத்தா. ஏ கதிரேசா, உங்கப்பன உடனே கூட்டிட்டுப் போயி உச்சந்தலையில இருந்து உள்ளங்கால் வரைக்கும் பாருடா!" என் மகன் கதிரேசன் பொறியியல் படித்தவன், சென்னையில் வேலை பார்க்கிறவன், அத்தை சொன்னதைக் கேட்டுச் சிரித்தான், சிரித்துக்கொண்டே அப்பாவைத்தான் கூட்டிக்கொண்டு போனான். கனத்தது என்று சொன்னவள் நான். வண்டியில் ஏற்றப்பட்டவர் அவர். நானும் ஏறினேன், அவருக்குத் தண்ணீர்ப் புட்டி பிடித்துக்கொள்ள. இதில் கொடுமை என்னவென்றால் அன்று எனக்கும் அது சரியாகவே பட்டது. பயந்தேன். அவருக்காகப் பயந்தேன். மார்பு என்னுடையதாக இருந்தாலும் அதன் மேல் கிடந்தது அவருடையது. ஆகவே கனமும் அவருடையது. இதை எனக்கு யாரும் பாடமாக நடத்தவில்லை. கணக்கு தானாக வந்தது.

இருதய மருத்துவர் படங்களைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தபோது அவர் கேட்ட முதல் கேள்வி இன்னும் என் காதில் முள்ளாக நிற்கிறது. "உங்களுக்கு வலியே இல்லையா?" கணவர், தேர்வில் தேறிய பையனைப் போல, "ஒரு வலியும் கிடையாது சார், கல்லத் தின்னாலும் செரிக்கும்" என்றார். "சர்க்கரை இருக்கிறவங்களுக்கு வலி தெரியாமலே அடைச்சுக்கிடும். அப்புறம் எப்படி வந்தீங்க?" அப்போதுதான் மதினி என்னைக் காட்டிச் சொன்னார். மருத்துவர் சிரித்தார். நல்ல மனிதர், கெட்ட சிரிப்பல்ல. "அம்மா, நீங்க எங்களுக்கெல்லாம் பெரிய டாக்டர்" என்று கைகூப்பினார். அவர் கழுத்தில் குழல் தொங்கியது. ஒரு கை நீளத்தில் நான் நின்றேன். இதயம் ஒன்றையே படிப்பதற்காக இளமை முழுவதையும் செலவழித்த மனிதர், ஒரு பெண் தன் மார்பின் நடுவே கனக்கிறது என்று சொன்னதாகக் காதால் கேட்டார், கேட்டு, கும்பிட்டார். அந்தக் குழலை எடுத்து வைத்திருந்தால் போதுமே. கும்பிடு எதற்கு? கும்பிடுகிற கைகள் எதையும் தொட முடியாது. கும்பிடுவதன் வசதியே அதுதான். பிறகு வெள்ளைத்தாளில் கதிரேசனுக்கு வரைந்து காட்டினார், நானும் எட்டிப் பார்த்தேன். இதயத்திலிருந்து ஒரு பெரிய குழாய் மேலே கிளம்புகிறது. "ஊருக்கெல்லாம் இரத்தம் போறது இதுலதான். ஆனா பாருங்க, மூளைக்குப் போறதுக்கு முன்னாடி, கைக்குப் போறதுக்கு முன்னாடி, முதல் ரெண்டு கிளை எங்க போகுது? திரும்ப இதயத்துக்கே போகுது. அதுக்குள்ள எவ்வளவு இரத்தம் நிறைஞ்சு நின்னாலும் இந்த ரெண்டு குழாய் வழியா வர்றதுதான் அதுக்குச் சாப்பாடு. இதுல இடப்பக்கத்துக் கிளை, முன்னாடி இறங்குது பாருங்க, இங்கதான் அப்பாவுக்கு அடைச்சிருக்கு." ஊருக்குத் திரும்பும்போது காரில் கதிரேசன் கண்கலங்கி, "இதயமும் நம்ம அம்மா மாதிரித்தான் அத்தை. எல்லாருக்கும் அனுப்பிட்டு அது கடைசியில எடுத்துக்குது" என்றான். எனக்கு அவனை ஓங்கி அறைய வேண்டும் போலிருந்தது. அவர் சொன்னது அதுவா? மடையா, அவர் சொன்னது அதற்கு நேர்மாறு அல்லவா! முதல் அகப்பையைத் தனக்கு ஊற்றிக்கொண்ட பிறகுதான் அது பந்திக்கே பரிமாறுகிறது. அதைப் பெருந்தீனிக்காரி என்று எந்த மருத்துவரும் ஏசவில்லை. அப்படி எடுத்துக்கொள்ளாவிட்டால் பந்தியே நடக்காது என்றுதான் அவர் சொன்னார். படித்த பிள்ளைக்கு அது காதில் விழவில்லை. அம்மா என்றவுடன் கடைசியில் சாப்பிடுகிறவள் என்று முடிவுகட்டிக்கொண்டு, இதயத்தையே திருத்தி எழுதிவிட்டான்.

அந்த நாளத்துக்கு ஒரு பட்டப்பெயர் உண்டாம். மருத்துவர் அதை ஆங்கிலத்தில் கதிரேசனிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். அவன் வெளியே வந்து தொலைபேசியில் யாரிடமோ தமிழில் சொன்னான், நான் தூணுக்கு இந்தப் பக்கம் நின்றேன். விதவையாக்கி. அது அடைத்துக்கொண்டால் வீட்டுக்காரி விதவை. அதனால் அந்தப் பெயர். வெள்ளைக்காரன்தான் வைத்திருக்க வேண்டும். எங்கள் மதினி வைத்தாலும் இதைத்தான் வைத்திருப்பார். கடல் கடந்தும் சம்பந்தம் செய்துகொள்ளலாம், அவ்வளவு பொருத்தம். எனக்கும் அந்த நாளம் இருக்கிறதே. எல்லா மனிதப்பிறவிக்கும் அதே இடத்தில் அதே வளைவோடு இறங்குவதாகத்தானே அவர் வரைந்தார். எனக்குள் அது அடைத்துக்கொண்டால் அதன் பெயர் என்ன? புருஷன் செத்தவளுக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். பெண்டாட்டி செத்தவனுக்கு மறுகல்யாணம் வைத்திருக்கிறார்கள். இதோ எதிர்ச் சுவரில் பெரிய படம் தொங்குகிறது, 'மாரடைப்பின் அறிகுறிகள்' என்று. மீசை வைத்த ஒரு மனிதன் இடது மார்பைப் பற்றிக்கொண்டு கண்ணை மூடியிருக்கிறான். அவனிடமிருந்து அம்புக்குறிகள் புறப்படுகின்றன. அடுத்த தூணில் இன்னொரு படம், அதிலும் மீசை. அந்த இரண்டாவது படத்தில் ஒரு பெண்ணும் இருக்கிறாள், மீசைக்காரனுக்குத் தண்ணீர்த் தம்ளர் நீட்டிக்கொண்டு. அவள் முகத்தில் கவலை நன்றாக வரையப்பட்டிருக்கிறது. அவளிடமிருந்து ஓர் அம்புக்குறிகூடப் புறப்படவில்லை. காலையில் கணவரைத் தள்ளுவண்டியில் ஏற்றிக் கதவருகே கொண்டுவந்தபோது, யாரும் பார்க்காத நேரத்தில் என் விரலைப் பற்றி, "பயமா இருக்குடீ" என்றார். கை சில்லென்றிருந்தது. அந்தக் கையை இரண்டு கையாலும் தேய்த்துச் சூடேற்றி, "ஒண்ணும் ஆகாது, நான் இருக்கேன்ல" என்றேன். அந்தக் கை மேல் எனக்குக் கோபமில்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். வாயு என்ற வாய் மேல் கோபம். அந்த வாயும் இந்தக் கையும் ஒரே மனிதருடையவை என்பதால் கோபத்தை எங்கே கொண்டுபோய் இறக்குவது என்று தெரியாமல் சுமந்துகொண்டிருக்கிறேன். கோபமும் கனக்கும் போலிருக்கிறது. இல்லை, இது கோபம் இல்லை. கோபத்துக்குத் தாடை வலிக்காது.

"அக்கா, ஒரு சின்ன உதவி." அருப்புக்கோட்டைக்காரியாம், என்னைவிட இளையவள், அவள் கணவனுக்கு நாளை ஆஞ்சியோ. மதினி அவளிடமும் கதையை முழுக்கச் சொல்லியிருக்கிறார். கையில் குங்குமச் சிமிழோடு என் காலடியில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ஒங்க கையால என் தாலியில குங்குமம் வச்சு விடுங்கக்கா." வைத்தேன். வைக்காமல் என்ன செய்வது? அவள் கண்ணில் ஒற்றிக்கொண்டு நிமிர்ந்து, உலகத்திலேயே இயல்பான கேள்வி போல, "எந்த எடத்துலக்கா கனத்துச்சு?" என்றாள். யாரும் கேட்காத கேள்வி. கணவர் கேட்கவில்லை, மகன் கேட்கவில்லை, குழல் மாட்டிய மருத்துவர் கேட்கவில்லை. தனக்கும் அப்படி வந்தால் அடையாளம் தெரிய வேண்டுமே என்ற பயத்தில் அவள் கேட்டாள். நான் கையை உயர்த்தி, "இங்க" என்று காட்டினேன். காட்டிய கையை எடுக்க முடியவில்லை. அங்கே அது இருந்தது. போன வாரமே மதினி, உலோகத்தில் தோஷம் இருக்கும் என்று தாலியைத் தங்கச் சங்கிலியிலிருந்து உருவி மஞ்சள்கயிற்றில் கோத்துவிட்டார். இப்போது கழுத்தில் கிடப்பது ஒரு நூலும் ஒரு குன்றிமணிப் பொன்னும். கோழியிறகின் பாரம்கூட இல்லை. அதற்குக் கீழே அம்மிக்கல் கிடக்கிறது. படியேறி எவ்வளவு நேரமாயிற்று! உட்கார்ந்துதானே இருக்கிறேன், நின்றால் போவது வழக்கம், உட்கார்ந்தும் போகவில்லையே. மருத்துவர் கதிரேசனிடம் அப்பாவுக்காகச் சொன்னார்: "நடந்தா வந்து, நின்னா போயிட்டா நாலு நாள் யோசிக்கலாம். உட்கார்ந்திருக்கும்போதும் போகாம நின்னா யோசிக்கவே கூடாது, ஓடி வந்துரணும்." அப்பாவுக்காகச் சொன்னதை அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். கதிரேசன் இப்போது கீழே மருந்துக் கடையில் நிற்கிறான். இது என்னுடையது. கனத்தது தாலி அல்ல, தாலிக்குக் கீழே இருந்த நான். எனக்கு வந்ததை நான் அவருக்கு அனுப்பி வைத்தேன். போன இடத்தில் அவருக்கும் ஒன்று இருந்தது, அது தற்செயல், சர்க்கரையும் சிகரெட்டும் கொப்பரைச் சேவும் சேர்ந்து செய்த வேலை. அவருக்கு இருந்ததைக் கண்டவுடன் எல்லோருக்கும் விடை கிடைத்துவிட்டது. விடை கிடைத்த பிறகு கேள்வியை யார் திரும்பிப் பார்ப்பார்கள்?

சொல்ல வேண்டும். மதினியிடம்தான் சொல்ல வேண்டும். என்ன சொல்வார் என்று எனக்கு மனப்பாடம். "அவனுக்கு வந்தா ஒனக்கும் வரணுமா? ஒரு நாளு பொறுக்க மாட்டியா?" ஊரில் இப்படிச் சொல்வார்கள், புருஷன் படுத்தால் தானும் படுத்துக்கொண்டு கவனிப்புக் கேட்கிறவள் என்று ஒரு வகைப் பெண்ணைப் பற்றிச் சொல்லிச் சிரிப்பார்கள், நானும் சிரித்திருக்கிறேன். காலையிலிருந்து பச்சைத்தண்ணீர் பல்லில் படாமல் விரதம் வேறு. அது மட்டுமா, ஆடி அமாவாசைக்கு நான் சதுரகிரி மலையேறுவதாக மதினி வேண்டிக்கொண்டிருக்கிறார். அவர் ஏறுவதாக அல்ல, நான். "குருவம்மா நடந்தே ஏறுவா சாமி" என்று என்னைக் கேட்காமல் சாமியிடம் வாக்குக் கொடுத்தாயிற்று. இரண்டு மாடி ஏறினவளுக்கு இந்த நிலை என்றால் அந்த மலையில் எந்தப் பாறையில் என்னைக் கிடத்துவார்கள்? அப்போதும் சொல்வார்கள், கொடுத்து வைத்தவள், பூவும் பொட்டுமாகப் போய்விட்டாள் என்று. அந்த வாழ்த்தை நினைத்த மாத்திரத்தில் என் உடம்பு முழுவதும் தீப்பற்றியது. பூவும் பொட்டுமாக! செத்துப்போனதற்கு ஒரு பாராட்டு. அந்தப் பாராட்டுக்கு முன்பணமாகத்தான் இவர்கள் காலையிலிருந்து என் கழுத்தைக் கும்பிடுகிறார்களா? எனக்குச் சாக விருப்பமில்லை. இதை நான் ஒருநாளும் எனக்கே சொல்லிக்கொண்டதில்லை, சொல்லிக்கொள்ள வேண்டிய தேவையும் வந்ததில்லை. அவர் பிழைக்க வேண்டும், சரி. அந்தக் கை மறுபடி சூடாக வேண்டும். நானும் பிழைக்க வேண்டும். அவருக்காக அல்ல, கடைக்காக அல்ல, கதிரேசனுக்கு ஒரு அம்மா வேண்டும் என்பதற்காக அல்ல. சும்மா. எனக்காக. எழுந்தேன். கண் இருட்டியது, நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். கூடத்தின் கோடியில் ஈ.சி.ஜி. என்று எழுதிய அறை இருக்கிறது, வந்தபோதே படித்து வைத்திருந்தேன். "எங்கத்தா போற? விளக்கு அணையப் போகுது, கூப்புடுவாக" என்றார் மதினி. நான் நடந்தேன். நடை என்று அதைச் சொல்வதற்கில்லை. சுவர் என்னைக் கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

அறையில் ஒரு பெண், சின்னவள், வெள்ளை மேலங்கி, ஏதோ மென்றுகொண்டிருந்தாள். "சீட்டு குடுங்கம்மா." "சீட்டு இல்ல." "டாக்டர் எழுதுன சீட்டு இல்லாம எடுக்கக்கூடாதும்மா." "சீட்டு இல்ல தாயி, நெஞ்சு இருக்கு. வலிக்குது." என் வாயிலிருந்து அந்தச் சொற்கள் வெளியே வந்து அறையில் நின்றன. அவள் தலை தூக்கி என் முகத்தைப் பார்த்தாள். காலையிலிருந்து என் முகத்தைப் பார்த்த முதல் ஆள். மெல்வது நின்றது. "இப்படி வேர்த்திருக்கு? கூட யாரு வந்திருக்கா?" "நான்தான் கூட வந்தவ" என்றேன். அதற்குள் அவள் என் தோளைப் பிடித்துப் படுக்கையில் சாய்த்துவிட்டாள். பின்னாலேயே மதினி ஓடி வந்தார். "என்ன கூத்துத்தா இது? அங்க அவன் கெடக்கான், இங்க நீ வந்து படுத்துக்கிட்ட!" சின்னவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் என் சட்டைக் கொக்கிகளை அவிழ்த்தாள். "கயித்தக் கொஞ்சம் மேல ஒதுக்கிக்கங்கம்மா, போதும்." ஒதுக்கினால் போதும்தான். நான் தலையைத் தூக்கி, மஞ்சள்கயிற்றைக் கொண்டையோடு உரசிக் கழற்றினேன். "அய்யய்யோ! அடிப் பாவி, எந்தம்பி உள்ள இருக்கான்டீ!" மதினி பாய்ந்து என் கையைப் பிடித்தார். பிடித்த கைக்குள் அதை வைத்தேன். "பிடிங்க மதினி. கனக்குதான்னு நீங்களே பாருங்க." கிழவிக் கை, உழைத்த கை. எண்ணெயும் மாவும் தூக்கி எடை அறிந்த கை. அந்த உள்ளங்கை, அவரையறியாமல், நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, தானாக, ஒருமுறை மெல்ல ஏறி இறங்கியது. மதினி அதைப் பார்த்தார். பிறகு என் மார்பைப் பார்த்தார். "அப்ப கனத்தது..." என்றார்.

சில்லென்ற பசை, ரப்பர்க் குமிழ்கள், மணிக்கட்டிலும் கணுக்காலிலும் கவ்விகள். காகிதம் இழுபட்டு வெளியே வந்தது. சின்னவள் அதை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். குரல் மாறியது, "சிஸ்டர், டூட்டி டாக்டர ஓடி வரச் சொல்லுங்க" என்று வெளியே பார்த்துக் கத்தினாள். என்னிடம் குனிந்து, "பயப்படாதீங்கம்மா, நல்லவேளை வந்துட்டீங்க. இன்னொரு தடவ எடுத்துக்கிறேன், அசையாமப் படுங்க" என்றாள். பயம் இல்லாமல் இல்லை. பயம் வந்துதான் இருந்தது. ஆனால் முதன்முறையாக அது எனக்கான பயமாக இருந்தது, வேறு எவர் பெயரும் அதன் மேல் எழுதியிருக்கவில்லை. அப்போது கூடத்து ஒலிபெருக்கி கரகரத்தது. "சங்கரலிங்கம் அட்டெண்டர், உடனே உள்ளே வரவும். முடிஞ்சிருச்சு, பேஷண்ட் நல்லா இருக்காங்க, பேர் சொல்லிக் கேக்குறாங்க." பெயர் சொல்லி. என் கால்கள் என்னைக் கேட்கவில்லை. கட்டில் விளிம்பை நோக்கி அவை புறப்பட்டுவிட்டன, ஒரு கால் தரையைத் தேடித் தொங்கியது. எழுதிக்கொண்டிருந்த கோடு தாறுமாறாகத் துள்ளியது. "அம்மா, அசையாதீங்கன்னு சொன்னேன்ல! கோடு கெட்டுப்போகுது." மதினி தாலியை மூடிய கைக்குள் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார், அங்கே போவதா இங்கே நிற்பதா என்று தெரியாமல். "குருவம்மா, ஒன்னையத்தான் கேக்கான். நான் என்னத்தன்னு போயிச் சொல்லட்டும்?"

தொங்கிய காலை எடுத்துக் கட்டிலில் நீட்டினேன். "அவ படுத்திருக்கான்னு சொல்லுங்க மதினி" என்றேன். பிறகு அந்தச் சின்னவளிடம், "நான் எங்கயும் போகல. நீ எடு தாயி."